வங்கிக்குள் கணினி வந்தபோது கிளார்க் வேலை என்ன ஆனது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கணினி நம் வேலையை என்ன செய்யும் என்ற கவலை இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. இதற்குப் பதில் தேட வெகுதூரம் போக வேண்டாம், பக்கத்துத் தெரு வங்கிக் கிளையைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும் என்பது என் எண்ணம். இந்த விஷயத்தை 1960களிலிருந்தே வாய்விட்டுப் பேசி, சண்டை போட்டு, கடைசியில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தங்களாக எழுதி வைத்த துறை அது. நான் லெட்ஜர் (கையால் எழுதும் கணக்குப் பேரேடு) காலத்திலும் அதற்குப் பிறகும் கிளையில் வேலை பார்த்தவன், தொழிற்சங்கத்தில் இருந்தவன். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், இப்போது புதிதாக மென்பொருள் வேலையில் இருப்பவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கணினி வருவதற்கு முன்னால் கிளையில் அப்படி என்னதான் வேலை இருந்தது?

நீங்கள் 200 ரூபாய் எடுக்க வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பணம் எடுக்கும் சீட்டை எழுதிக் கவுண்டரில் கொடுத்தால் ஒரு பித்தளை டோக்கன் தருவார்கள். கிளார்க் உங்கள் கணக்கு இருக்கும் கனமான லெட்ஜரை எடுத்து, பக்கத்தைப் புரட்டி, இருப்பைப் பார்த்து, 200 ரூபாயைப் பற்று எழுதி, புது இருப்பைக் கழித்துப் போடுவார். சீட்டும் லெட்ஜரும் ஆபீசர் மேசைக்குப் போகும். அவர் மாதிரிக் கையெழுத்து அட்டையை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, பாஸ் செய்து, சுருக்கொப்பம் இடுவார். அங்கிருந்து கேஷியருக்கு. அவர் டோக்கன் எண்ணைச் சத்தமாகக் கூப்பிட்டுப் பணத்தை எண்ணித் தருவார். பாஸ்புக்கில் பதிவது தனி வேலை, அதற்குச் சில கிளைகளில் மறுநாள் வரச் சொல்வார்கள். மொத்தத்தில் 200 ரூபாய்க்கு மூன்று நான்கு பேர் கை வைத்திருப்பார்கள், உங்களுக்கு அரை மணி நேரமாவது போயிருக்கும்.

இது வெளியே தெரிந்த வேலை. கவுண்டரை மூடிய பிறகுதான் நிஜமான வேலை ஆரம்பிக்கும். வவுச்சர்களைப் பிரித்து அடுக்கி, டே புக் (அன்றைய வரவு செலவுப் பதிவேடு) எழுதி, கேஷை டேலி செய்ய வேண்டும். அப்புறம் பேலன்சிங். ஒரு லெட்ஜரில் உள்ள எல்லாக் கணக்குகளின் இருப்பையும் வரிசையாக எழுதிக் கூட்டினால், பொது லெட்ஜரில் அந்தத் தலைப்பில் இருக்கும் தொகையோடு ஒரு பைசா பிசகாமல் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் தேட வேண்டும். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் யாரோ இரண்டு இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் (540-ஐ 450 என்று எழுதினால் வித்தியாசம் 90) என்பது எல்லாக் கிளார்க்குக்கும் தெரிந்த வித்தை. வித்தியாசம் இரண்டால் வகுபட்டால், அதில் பாதித் தொகையைத் தேட வேண்டும், பற்று எழுத வேண்டியதை வரவாக எழுதியிருப்பார்கள். வித்தியாசத்தைச் சட்டென்று கண்டுபிடிப்பவருக்குக் கிளையில் தனி மரியாதை உண்டு, மேனேஜரே எழுந்து வந்து அவர் பக்கத்தில் நிற்பார்.

அரையாண்டுக் கணக்கு முடிக்கும்போது ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும் கையாலேயே வட்டி போடுவோம். ஒவ்வொரு நாள் இருப்புக்கும் வட்டி கணக்கிடுவது கையால் ஆகிற காரியமில்லை. அதனால் மாதத்தின் 10-ம் தேதியிலிருந்து கடைசித் தேதிக்குள் எது மிகக் குறைந்த இருப்போ அதற்கு மட்டும் வட்டி என்று விதி இருந்தது. உங்கள் கணக்கில் மாதம் முழுக்க 20,000 ரூபாய் இருந்து, 28-ம் தேதி ஒரே ஒரு நாள் 500 ரூபாயாக இறங்கினால், அந்த மாதம் முழுக்க 500-க்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் 1 முதல்தான் தினசரி இருப்புக்கு வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. கணினி எல்லாக் கிளைகளுக்கும் வந்து சேர்ந்ததால்தான் அது முடிந்தது. கணினியால் சாதாரண மக்களுக்கு நேரடியாகக் கிடைத்த நன்மை என்று கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

தொழிற்சங்கங்கள் கணினியை எதிர்த்தது தவறுதானே?

இல்லை. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஒரு பழியாகவே நிலைத்துவிட்டது.

1960களில் எல்ஐசி நிறுவனம் கல்கத்தாவில் கணினி வைக்க முயன்றபோது ஊழியர்கள் அந்தக் கட்டடத்தையே இரவு பகலாகக் காவல் காத்து மறித்தார்கள். படித்த இளைஞர்கள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த காலம் அது. ஆயிரம் பேர் செய்யும் கணக்கை ஒரு இயந்திரம் செய்யும் என்று சொன்னால், அந்த ஆயிரம் பேரின் தம்பி தங்கைகளுக்கு என்ன வழி என்று கேட்பது மிக நியாயமான கேள்வி. தொழிற்சங்கம் மட்டும் கேட்ட கேள்வியும் இல்லை. மத்திய அரசே 1969-ல் பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர் தலைமையில் தானியங்கிமயம் பற்றி ஒரு குழு அமைத்தது, அந்தக் குழு 1972-ல் அறிக்கை கொடுத்தது.

வங்கிகளில் எதிர்ப்பு எந்த வடிவத்தில் வந்தது என்பதையும் கவனியுங்கள். இயந்திரத்தை யாரும் உடைக்கவில்லை. 1966-லேயே கணக்குப் பதியும் இயந்திரங்கள் பற்றி ஒரு உடன்பாடு வந்தது. பிறகு 1983, 1987, 1993 என்று மூன்று பெரிய ஒப்பந்தங்கள். ஒரு பக்கம் வங்கிகளின் சங்கம், மறுபக்கம் ஊழியர் சங்கங்கள். எத்தனை இயந்திரங்கள், எந்த அளவு வேலை இருக்கும் கிளைகளில், என்னென்ன வேலைக்கு என்றெல்லாம் உட்கார்ந்து பேசினார்கள். இயந்திரத்தில் வேலை செய்பவருக்குத் தனி அலவன்ஸ் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இதனால் யாரையும் வேலையைவிட்டு அனுப்பக்கூடாது என்பது எழுத்தில் வந்தது. இதே காலத்தில் ரிசர்வ் வங்கித் துணை ஆளுநராக இருந்த சி. ரங்கராஜன் (அரியலூரில் பிறந்தவர், பின்னாளில் ஆளுநர்) தலைமையில் இரண்டு குழுக்கள் 1984-லும் 1989-லும் எந்த வரிசையில் கணினியைக் கொண்டுவரலாம் என்று பரிந்துரை கொடுத்தன.

கணினியை நிறுத்த முடியாது என்று சங்கத்தில் இருந்த எங்களில் பலருக்கும் தெரிந்தேதான் இருந்தது. எந்த நிபந்தனையோடு உள்ளே வரும் என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சை நடத்தியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டிய இடத்தில் முன்னேற்றத்துக்குத் தடை போட்டார்கள் என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கணினி வந்ததும் வேலை குறைந்ததா?

உடனே குறையவில்லை, கூடியது. 1980களின் பிற்பகுதியில் முதலில் வந்தது ஏஎல்பிஎம் என்று நாங்கள் சொன்ன லெட்ஜர் பதியும் இயந்திரம். அதை முழுசாக நம்பும்வரை கையாலும் எழுது, இயந்திரத்திலும் பதி என்று இரட்டை வேலை. மின்சாரம் போனால் அன்றைய கணக்கே நின்றது. பிறகு கிளை முழுவதும் கணினிமயம். கிளைக்குக் கிளை ஒரு சர்வர், சாயங்காலம் டே எண்ட் (அன்றைய கணக்கை மூடும் வேலை) முடித்து, நகல் எடுத்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக முடியும். பழைய லெட்ஜரில் இருந்த பெயர், விலாசம், இருப்பு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றிச் சரிபார்த்தவர்கள் அந்தக் கிளார்க்குகள்தான், ஞாயிற்றுக்கிழமைகளில்கூட வந்து செய்தார்கள். இன்று உங்கள் போனில் தெரியும் கணக்கு விவரத்தின் முதல் வரிகள் அப்படி ஏறியவை.

2000க்குப் பிறகு கோர் பேங்கிங் வந்தது. எல்லாக் கிளைகளின் கணக்கும் ஒரே மையக் கணினியில். இன்ஃபோசிஸின் ஃபினாக்கிள், டிசிஎஸ்ஸின் பான்க்ஸ் போன்ற மென்பொருள்கள் அப்போதுதான் பரவின. பேலன்சிங் என்ற வேலையே ஒழிந்தது அந்தக் கட்டத்தில்தான். வித்தியாசம் கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரராக இருந்தவருக்கு அந்தக் கெட்டிக்காரத்தனம் ஒரு வருடத்தில் தேவையில்லாமல் போனது. சம்பளம் குறையவில்லை, பதவி போகவில்லை. ஆனால் கிளையில் அவருக்கு இருந்த இடம் போனது, அதற்கு எந்த ஒப்பந்தத்திலும் ஈடு எழுதப்படவில்லை.

கடைசியில் எத்தனை பேருக்கு வேலை போனது?

பணிநீக்கம் என்ற பெயரில் அரசு வங்கிகளில் கணினியைக் காரணம் காட்டி யாரையும் அனுப்பவில்லை. ஒப்பந்தம் அந்த அளவுக்கு நின்றது.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல், 2001 ஜனவரி 1-க்குள் அரசு வங்கிகளின் வணிகத்தில் 70 சதவீதமாவது கணினிக்குள் வர வேண்டும் என்று உத்தரவிட்டார். அதே நேரத்தில் 2000-01-ல் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது. 15 வருட சேவை அல்லது 40 வயது முடிந்தவர்கள் விண்ணப்பிக்கலாம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 60 நாள் சம்பளம் அல்லது மீதி இருக்கும் சேவைக்கான சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. சுமார் ஒரு லட்சம் பேர் வெளியே போனார்கள். பலர் விரும்பித்தான் போனார்கள் என்பது உண்மை. இனிமேல் இந்த இயந்திரத்தோடு மல்லுக்கட்ட முடியாது என்ற பயத்தில் போனவர்களும் உண்டு.

இதைவிடப் பெரிய இழப்பு யார் கண்ணிலும் படவில்லை. வருடக்கணக்காகப் புதிதாக ஆள் எடுப்பதே ஏறக்குறைய நின்றுபோனது. வங்கிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்த தேர்வு வாரியங்கள் 2001-ல் கலைக்கப்பட்டன. வேலையில் இருந்தவர்களைக் காப்பாற்ற ஒப்பந்தம் இருந்தது. வேலைக்கு வந்திருக்க வேண்டியவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை, எந்தப் பேச்சுவார்த்தையிலும் அவர்களுக்கு நாற்காலி இல்லை. இயந்திரம் வரும்போது இழப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: யாரும் வேலையைவிட்டுப் போகவில்லை என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், அடுத்த தலைமுறைக்குக் கதவு மூடியிருக்கும்.

அமெரிக்காவில் ஏடிஎம் வந்த பிறகும் டெல்லர்கள் (கவுண்டரில் பணம் வாங்கித் தருபவர்கள்) எண்ணிக்கை குறையவில்லை என்கிறார்களே?

ஜேம்ஸ் பெஸ்ஸன் என்ற பொருளாதார ஆய்வாளர் எடுத்துக்காட்டிய விஷயம் அது. ஏடிஎம் பரவியதால் அங்கே ஒரு கிளைக்குத் தேவையான டெல்லர்கள் 1988-ல் சராசரியாக 20 பேராக இருந்து 2004-ல் 13 ஆகக் குறைந்தார்கள். கிளை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் இன்னும் நிறையக் கிளைகளைத் திறந்தன, நகரங்களில் மட்டும் 43 சதவீதம் கூடியது. ஆக மொத்த டெல்லர் வேலை குறையவில்லை. இதுவரை சரி. ஆனால் இந்த உதாரணத்தைச் சொல்பவர்கள் பலரும் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு கைபேசி வங்கிச் சேவை வந்தது, கிளைகளே மூடப்பட்டன, டெல்லர் வேலையும் குறைந்துகொண்டே வருகிறது. முதல் இயந்திரத்துக்குப் பிழைத்த வேலை இரண்டாவதற்குப் பிழைக்கும் என்று எந்த உறுதியும் கிடையாது.

இந்தியாவில் முதல் ஏடிஎம் 1987-ல் மும்பையில் எச்எஸ்பிசி வைத்தது. நம் ஊரில் கதை வேறு மாதிரிப் போனதற்குக் காரணம் வங்கியே எட்டிப் பார்க்காத கிராமங்கள் ஏராளமாக இருந்ததுதான். 1969-ல் வங்கிகளை நாட்டுடைமை ஆக்கியபோது நாடு முழுக்க 8 ஆயிரத்துச் சொச்சம் கிளைகள், இன்று ஒன்றரை லட்சத்துக்கு மேல். ஜன்தன் திட்டத்தில் மட்டும் 2014-லிருந்து 2023-க்குள் 50 கோடிக் கணக்குகள் திறக்கப்பட்டன. வேலை பெருகிக்கொண்டே போனதால் கணினி விழுங்கியது கண்ணுக்குத் தெரியவில்லை.

இப்போது கிளையில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?

ஒரு நாள் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். கேஒய்சி (வாடிக்கையாளர் அடையாள விவரம்) புதுப்பிப்பு, ஆதார் இணைப்பு, முடங்கிப்போன கணக்கை எழுப்புவது, யுபிஐயில் தவறிப்போன பணம், ஆன்லைன் மோசடியில் காசை இழந்து அழுதுகொண்டு வருபவர்கள். இவற்றுக்கு நடுவே காப்பீடு, கிரெடிட் கார்டு, மியூச்சுவல் ஃபண்ட் விற்க வேண்டும், தினமும் டார்கெட், சாயங்காலம் மேலிடத்திலிருந்து எத்தனை முடித்தீர்கள் என்று வீடியோ கால். வங்கிகள் காப்பீடு விற்க அனுமதி வந்தது 2000-ல். கணக்கு எழுதுவதில் மிச்சமான நேரம் அப்படியே விற்பனைக்குப் போய்விட்டது.

கிளார்க்குகள்தான் பெரும்பான்மை என்றிருந்த அரசு வங்கிகளில் இன்று ஆபீசர்கள் எண்ணிக்கை கிளார்க்குகளைத் தாண்டிவிட்டது. பதவி உயர்வு மாதிரித் தெரியும். ஆபீசருக்கு வேலை நேரம் என்று ஒன்று கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். தனியார் வங்கிகளில் ஒரு வருடத்தில் சுமார் 25 சதவீத ஊழியர்கள் விலகிப் போகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2023-24 அறிக்கையில் கவலையோடு எழுதியது. நாலில் ஒருவர் ஓடிப்போகும் இடத்தில் வேலை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு மாற்றத்தை நான் ரொம்பப் பெரிதாக நினைக்கிறேன். முன்பு ஒரு மேனேஜர் கடன் கொடுக்கும்போது ஆளைப் பார்ப்பார், வயலைப் போய்ப் பார்ப்பார், கடைத்தெருவில் விசாரிப்பார். தவறு நடந்தது, வேண்டியவர்களுக்குக் கொடுத்ததும் நடந்தது, மறைக்கவில்லை. இப்போது சிபில் மதிப்பெண் (பழைய கடன்களைக் கட்டிய விதத்தைப் பார்த்துப் போடுவது), மையத்தில் இருக்கும் கடன் பிரிவு, மென்பொருள் போடும் வரம்பு. எதிரில் இருப்பவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது என்று ஆபீசருக்குத் தெரிந்தாலும் ‘சிஸ்டம் எடுக்கலீங்க’ என்றுதான் சொல்ல முடிகிறது. முடிவெடுப்பது ஒரு இடத்தில், அதற்குத் திட்டு வாங்குவது இன்னொரு இடத்தில்.

கணினியால் புது வேலைகளும் வந்தன அல்லவா?

வந்தன. மென்பொருள் எழுதுபவர்கள் ஒரு பக்கம், நல்ல சம்பளம். அவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள்.

ஏடிஎம் வாசலில் 12 மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலாளி, வேனில் பணப்பெட்டியோடு போய் இயந்திரத்தை நிரப்புபவர், கால் சென்டரில் பேசுபவர். இவர்களும் வங்கி வேலையைத்தான் செய்கிறார்கள், ஆனால் வங்கி ஊழியர்கள் இல்லை, ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். மேலே சொன்ன 1983, 1987, 1993 ஒப்பந்தங்களில் இவர்களுக்கு ஒரு வரிகூடக் கிடையாது. பல இடங்களில் கேமராவை வைத்துவிட்டுக் காவலாளியையும் எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் வங்கி முகவர்கள். 2006-ல் ரிசர்வ் வங்கி அனுமதித்த ஏற்பாடு இது. கிளை இல்லாத கிராமத்தில் கையடக்க இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவர், பல ஊர்களில் ஒரு பெண், நூறு நாள் வேலைச் சம்பளமும் முதியோர் உதவித்தொகையும் கொடுப்பார். வருமானம் கமிஷன்தான், மாதச் சம்பளம் என்று ஒரு உறுதி பெரும்பாலும் இல்லை. சிக்னல் இல்லாவிட்டால் அவருக்குக் காசு இல்லை. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலின் ரேகையை இயந்திரம் ஏற்காவிட்டால், வெயிலில் வரிசையில் நிற்கும் பாட்டியின் கோபம் அவர்மேல்தான் விழும். அன்றைய கிளார்க் செய்த வேலையையேதான் இவர் செய்கிறார்: ஆளை அடையாளம் பார்க்கிறார், பணத்தை எண்ணித் தருகிறார், கணக்கில் பதிகிறார். கிளார்க்குக்கு இருந்த பென்ஷனோ விடுப்போ சங்கமோ இவருக்கு இல்லை. கணினி வங்கி வேலையை ஒழித்தது என்று யாராவது சொன்னால் இவரைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை அப்படியே இருக்கிறது, அதற்கு இருந்த பாதுகாப்பைத்தான் காணோம். இது இயந்திரத்தின் இயல்பால் நடந்ததாக நான் நினைக்கவில்லை. ஒரே தொழில்நுட்பம்தான், ஒப்பந்தம் இருந்த இடத்தில் ஒரு மாதிரியும் இல்லாத இடத்தில் வேறு மாதிரியும் போனது.

எந்த வேலை மாறவே இல்லை?

நகை மதிப்பீட்டாளர். தமிழ்நாட்டுக் கிளைகளில் நகைக்கடன் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். கோர் பேங்கிங் வந்தாலும் யுபிஐ வந்தாலும், நகையை உரைகல்லில் உரசி, திராவகம் விட்டுப் பார்த்து, கல்லின் எடையைக் கழித்துச் சொல்ல இன்றும் ஒரு ஆள் வேண்டும். அவரும் பெரும்பாலும் கமிஷனுக்குத்தான் வேலை செய்கிறார்.

வாடிக்கையாளருக்கு வேலை கூடியதா குறைந்ததா?

வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம். கிளார்க் செய்த பதிவு வேலையை இப்போது நாமே செய்கிறோம், தவறும் நம் தலையில். கணக்கு எண்ணையும் 11 எழுத்து ஐஎஃப்எஸ்சி எண்ணையும் போட்டு அனுப்பினால் பணம் கணக்கு எண்ணை மட்டும் பார்த்துத்தான் போகும், பெயரை ஒப்பிடாது. ஒரு இலக்கம் மாறினால் யாருக்கோ போய்விடும். கவுண்டரில் இருந்த கிளார்க் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்த அந்தச் சின்ன வேலை, வங்கிக்கு வங்கி பணம் அனுப்பும் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் திரும்பி வர 2025 ஏப்ரல் ஆனது. பெற வேண்டியவரின் பெயரைக் காட்டும் வசதியை அதற்குள் செய்து தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்ட பிறகுதான் அது வந்தது. யுபிஐயில் மாதத்துக்கு 1,000 கோடிப் பரிமாற்றங்கள் என்ற எல்லையை 2023 ஆகஸ்டில் தாண்டினோம். போன் பழகாத பெரியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை, அவர்களுக்காக ஒரு கவுண்டராவது திறந்திருக்க வேண்டும் என்று கேட்பது பிடிவாதம் ஆகாது.

செயற்கை நுண்ணறிவும் இதே மாதிரிதானா? பயப்பட வேண்டுமா?

இரண்டு விஷயங்களில் வேறு. முதலாவது வேகம். வங்கிகளில் 1966 உடன்பாட்டிலிருந்து எல்லாக் கிளைகளும் மையக் கணினிக்கு வர 40 வருடங்களுக்கு மேல் ஆனது. ஒருவர் லெட்ஜரில் வேலைக்குச் சேர்ந்து, ஏஎல்பிஎம் பழகி, கோர் பேங்கிங்கில் ஓய்வு பெற முடிந்தது. இப்போது கடிதம் எழுதுவது, புகாருக்குப் பதில் சொல்வது, கடன் விண்ணப்பத்தைச் சுருக்கிக் கொடுப்பது எல்லாம் சில வருடங்களிலேயே இயந்திரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, பேச யாரும் இல்லை என்பது. 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம், அதாவது 12 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவு காரணமில்லை, திறன் பொருந்தாததுதான் காரணம் என்று நிறுவனம் சொன்னது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அந்தத் துறையில் இருக்கும் லட்சக்கணக்கானவர்களுக்கு 1983-ல் எங்களுக்கு இருந்த மாதிரி ஒரு பேச்சுவார்த்தை மேசை இல்லை. சங்கங்கள் முளைத்திருக்கின்றன, இன்னும் சிறியவை. வங்கிக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளே இன்று என்னிடம் வந்து, நீங்கள் அப்போது என்ன செய்தீர்கள் என்று கேட்கிறார்கள். பயந்தோம், ஒன்றாகச் சேர்ந்தோம், எழுத்தில் வாங்கினோம் என்றுதான் அவர்களிடம் சொல்கிறேன்.

இயந்திரம் கொண்டுவருமுன் ஊழியரிடம் சொல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறதா?

முன்பும் இருந்தது, இப்போதும் இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1947-ம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவின்படி, நான்காம் அட்டவணையில் உள்ள விஷயங்களை மாற்றுவதற்கு முதலாளி 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டியிருந்தது. ஆட்குறைப்புக்கு வழிவகுக்கக்கூடிய இயந்திர, தொழில்நுட்ப மாற்றமும் அந்த அட்டவணையில் இருந்தது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2020-ல் இயற்றிய தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பிலும் முன்னறிவிப்பு விதி உண்டு. மேலாளர், மேற்பார்வையாளர் நிலையில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் பொருந்தாது. எல்லோருக்கும் மேனேஜர், எக்ஸிக்யூட்டிவ் என்று பெயர் வைப்பதால் யாருக்கு லாபம் என்று இங்கே யோசித்துக்கொள்ளுங்கள்.

டைப்ரைட்டிங் படிப்பது வீணா?

தமிழ்நாட்டில் தொழில்நுட்பக் கல்வித் துறை இன்னும் தட்டச்சுத் தேர்வு நடத்துகிறது, குரூப் 4-ல் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழ் வேண்டும். அதற்காகப் படித்தால் வீணில்லை.

என் மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். படிக்கட்டுமா?

தாராளமாகப் படிக்கட்டும். 2011-லிருந்து ஐபிபிஎஸ் என்ற வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் பொதுத் தேர்வு நடத்துகிறது, கிளார்க் பதவிக்கு அந்தந்த மாநில மொழி தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியும் நம் பிள்ளைகளுக்குச் சாதகம். ஆனால் கணக்குப் போட்டுவிட்டு ஐந்து மணிக்குக் கிளம்பும் வேலை என்று நினைத்துக்கொண்டு அனுப்பாதீர்கள், அது போய் ரொம்ப நாள் ஆகிறது. கோபமாக வருபவரிடம் பொறுமையாகப் பேசத் தெரிய வேண்டும். ஒரு பரிமாற்றம் எந்த இடத்தில் சிக்கியிருக்கும் என்று யோசிக்கத் தெரிய வேண்டும், அதற்குக் கணக்கியலின் அடிப்படை கட்டாயம் வேண்டும், ஏனென்றால் திரையில் தெரியும் எண் தப்பு என்று சொல்லக்கூடிய ஆள் கிளையில் ஒருவராவது இருக்க வேண்டும். தேவையில்லாத பாலிசியை வயதானவர் தலையில் கட்டச் சொல்லும் டார்கெட்டுக்கு முன்னால் எங்கே நிற்பது என்பதையும் வேலைக்குச் சேருமுன்பே வீட்டில் பேசிவிடுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் புது மென்பொருள் வரப்போகிறது. என்ன கேட்க வேண்டும்?

முதலில் பழைய வேலையும் புது வேலையும் எத்தனை மாதம் ஒன்றாக நடக்கும், அந்த இரட்டை வேலைக்கு யார் நேரம் தருவார்கள் என்று கேளுங்கள். எங்களை அதிகம் வாட்டியது அதுதான். பயிற்சி அலுவலக நேரத்தில்தான் நடக்க வேண்டும், ராத்திரி வீட்டில் வீடியோ பார்த்துப் பழகிக்கொள் என்று விட்டுவிடக் கூடாது. மிச்சமாகும் நேரம் எதற்குப் போகும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், விற்பனை டார்கெட்டுக்கா, ஆள் குறைப்பதற்கா, சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்கா என்று. மென்பொருள் தப்பாக முடிவு சொன்னால் அதை மாற்ற யாருக்கு அதிகாரம், மாற்றியவருக்கு அதனால் பாதிப்பு வருமா என்பது கடன், சம்பளம், மருத்துவம் மாதிரியான இடங்களில் உயிர்நாடியான கேள்வி. ஓய்வு பெறுபவர்களின் இடத்துக்கு ஆள் எடுப்பார்களா என்றும், அலுவலகத்தில் உங்களோடு வேலை செய்யும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் இந்த வாக்குறுதிகள் சேருமா என்றும் கேளுங்கள். இந்த இரண்டையும் நாங்கள் போதுமான அளவு கேட்கவில்லை. பதிலை வாய்வார்த்தையாக ஏற்க வேண்டாம், தேதி போட்டுக் கையெழுத்தோடு வாங்குங்கள். தனியாகப் போய்க் கேட்காமல் பத்துப் பேராகப் போங்கள்.